ஒண்ணும் பண்ணாதுங்க

1

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த அனுபவம் என்று நினைத்துக்கொண்டு யாரும் என்னிடம் நாய் சுகமா என்று விசாரிக்க வேண்டாம். என்னிடம் நாய் கிடையாது.

இரவுப் பணியை விட்ட பிறகு பகல்கள் சும்மா கிடந்தன. கணபதியில் லியோ நடத்தும் பெட் ஷாப்பில் போய் உட்கார்ந்துகொள்வேன். நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டிவிடும் வேலையும் அங்கே நடக்கும். வீட்டுக்கே ஆள் அனுப்புவதும் உண்டு. எதற்கும் முன்னால் ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். நாயின் பெயர், வயது, தடுப்பூசி போட்ட தேதி இப்படி. ஆறாவது கேள்வி: 'கால் தொட விடுமா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஒரு டிக் அடித்தால் போதும்.

ஒரு மதியம் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் கட்டங்களைத் தொடவே இல்லை. அவற்றுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'ஒண்ணும் பண்ணாதுங்க.'

தாளுக்கும் 'ங்க' போடுகிற ஊர் இது. கோவையில் எந்த வீட்டு கேட்டில் போய் நின்றாலும் முதலில் நாய் வரும், அதன் பின்னால் இந்த வாக்கியம் வரும். அது நாயைப் பற்றிய தகவல் என்று வெளியூர்க்காரர்கள் நம்பிவிடுகிறார்கள். அது 'வாங்க' என்பதன் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். எங்கள் நாய் கடிக்கும் என்று வாசலில் நிற்பவரிடம் சொன்னால், நீங்கள் வராமலே இருந்திருக்கலாம் என்று சொன்னது போலாகிவிடும். அதனால் யாரும் சொல்வதில்லை. நாய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'தன் கால்கள் தன்னுடையவை என்று மைனர் நினைத்தது.' நாய் தமிழில் நினைக்காது. அடித்துவிட்டேன்.

'புவனாவின் ஸ்கூட்டர் வடவள்ளியில் திரும்பியபோது மருதமலைமேல் மேகம்' (மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. பாதியில் நின்றது அப்படியே நிற்கட்டும்.)

'கடித்தபோது சத்தமே வரவில்லை.' இது நல்ல வாக்கியம். ஆனால் இங்கே வைத்தால் ஒரு துப்பறியும் கதைக்குத்தான் நீங்கள் தயாராவீர்கள். தள்ளி வைக்கிறேன்.

இரண்டு முறை முழுதாக எழுதியபோதும் புவனாதான் கதாநாயகியாக இருந்தாள். லியோ வீடுகளுக்கு அனுப்பும் பெண். முப்பது வயது, சோமனூர். தறி ஓட்டும் வீட்டில் பிறந்து தறிச் சத்தம் பிடிக்காமல் நாய்களிடம் வந்தவள். கையில் தழும்புகள், வாயில் எகத்தாளம். இப்படி ஒருத்தி கிடைத்தால் எழுதுகிறவன் விடமாட்டான். நானும் விடவில்லை. ஆனால் எழுத எழுத ஒன்று உறுத்தியது. புவனாவுக்கு எந்த வீட்டில் எது நடந்தாலும் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடலாம். கிளம்ப முடியாத ஆள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். அவள் எனக்கு ஓரமாகத் தெரிந்துகொண்டே இருந்தாள். பெயர்கூட வைக்கவில்லை, 'வீட்டுக்கார அம்மா' என்றே இரண்டு பிரதியிலும் ஓட்டியிருந்தேன்.

அவளுக்கு இப்போது ராமாமணி என்று பெயர் வைக்கிறேன். கதை அவளுடையது.

3

ராமாமணிக்கு நாற்பத்தொரு வயது. வடவள்ளியில் வீடு. கணவர் திருமூர்த்தி பம்புகளுக்கு வார்ப்பு செய்யும் ஒரு சின்ன ஃபவுண்டரி நடத்துகிறார். மகன் மதன்குமார் பத்தாவது முடித்ததும் நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். மகன் அடம்பிடித்து வாங்கிய லாப்ரடார் மட்டும் அவளிடம் மிஞ்சியது. குட்டியாக இருந்தபோதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் என்பதால் திருமூர்த்தி அதற்கு மைனர் என்று பெயர் வைத்தார். இப்போது ஏழு வயது, முப்பத்தெட்டு கிலோ. ராமாமணி அதை 'அவன்' என்றுதான் சொல்லுவாள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

மைனருக்குக் காலைத் தொட்டால் பிடிக்காது. தலையைத் தடவலாம், வாயில் கைவிட்டு எலும்பை எடுக்கலாம், வாலைக்கூட இழுக்கலாம். பாதத்தைத் தொடக் கூடாது. இது ராமாமணிக்குத் தெரியும், அவளும் தொடமாட்டாள். மழையில் நனைந்து வந்தால் தரையில் பழைய துண்டை விரித்துவிட்டு அவனே அதன்மேல் நடந்து காலைத் துடைத்துக்கொள்ளும்படி விடுவாள். ஏழு வருடமாக இரண்டு பேருக்கும் இது சரியாக நடந்துவந்தது.

(இந்த இடத்தில் ஒரு காரணம் கேட்பீர்கள் என்று தெரியும். குட்டியில் கார்க் கதவில் கால் நசுங்கியது என்று எழுதினேன். தீபாவளி வெடியை மிதித்தது என்று எழுதினேன். தார் ரோட்டில் பொசுங்கியது என்றும் எழுதினேன். மூன்றையும் எடுத்துவிட்டேன். நிறைய நாய்களுக்கு ஒரு காரணமும் இல்லாமலே பிடிப்பதில்லை. ஓடித் தப்பிக்க ஒரு நாயிடம் இருப்பது கால்தான். அதை ஒருவர் பிடித்துவைத்துக்கொண்டால் பிடிக்காமல் போவதற்குப் பழங்கதை எதுவும் தேவையில்லை.)

அந்த மாதம் திருமூர்த்தியின் தங்கை நித்யஸ்ரீ பெங்களூரிலிருந்து குழந்தையோடு வருவதாக முடிவானது. பத்து மாதக் குழந்தை, மேக்னா. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள், அந்தத் தாய்மாமன் திருமூர்த்தி. ஒரு வாரம் தங்குவார்கள். குழந்தை இப்போது தவழ்கிறது.

திருமூர்த்தி சாப்பிட்டுக்கொண்டே மைனரின் நகத்தைப் பார்த்தார். டைல்ஸில் நடந்தால் டக் டக் என்று கேட்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னார். அவர் எதையும் குரலை உயர்த்திச் சொல்வதில்லை.

"நகத்த வெட்டிரு. புள்ள மேல ஒரு கீறல் பட்டாலும் மாப்ளயூட்டுல என்ன நெனைப்பாங்க? முடியாதுன்னா சொல்லிப்போடு, ஆறுச்சாமி தோட்டத்துக்குத் தாட்டிரலாம்."

தாட்டுவது என்றால் அனுப்பிவிடுவது. ஆறுச்சாமி அவருடைய பெரியப்பா மகன். பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் வீட்டில் வேண்டாமென்று போன நாய்கள் அங்கேதான் போய்ச் சேரும். ராமாமணி ஒரு நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, போனபோது பார்த்திருக்கிறாள். மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு அல்சேஷன் கட்டிக்கிடந்தது. சங்கிலி எட்டும் தூரத்துக்கு மண்ணில் ஒரு வட்டம், அதற்குள் புல் இல்லை. சோறு வேளாவேளைக்குப் போட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. அந்த வட்டம்தான் அவள் கண்ணிலேயே நின்றது.

லியோவின் கடைக்கு போன் செய்தாள். புவனா வந்தாள். படிவத்தை நீட்டினாள். ஆறாவது கேள்வியில் ராமாமணி பேனாவை வைத்தாள். இல்லை என்று டிக் அடித்தால் இந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாளோ என்று ஒரு பயம். பேனா எழுதிய வாக்கியம் உங்களுக்குத் தெரியும்.

4

கடித்தபோது சத்தமே வரவில்லை.

புவனா போர்ட்டிகோ தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மைனரின் வலது முன்னங்காலை எடுத்தாள். மைனர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாக்கால் மூக்கை ஒரு தரம் நக்கினான்.

"வெக்கப்படறானுங்க" என்றாள் ராமாமணி. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

புவனா நகவெட்டியை எடுக்கத் திரும்பிய நொடியில் அது நடந்தது. ராமாமணி, மைனர் கையை நக்குகிறான் என்றுதான் நினைத்தாள். டைல்ஸில் ரத்தம் சொட்டியபோதுதான் தெரிந்தது. அதற்குள் மைனர் கையை விட்டுவிட்டு, கார் அடியில் போய்ப் படுத்திருந்தான்.

புவனா கத்தவில்லை. தோட்டத்துக் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். ரொம்ப நேரம், கடிகாரம் பார்த்துக் கழுவினாள். ராமாமணி மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதெல்லாம் வேண்டாம், தண்ணியே போதும், அப்புறம் போய் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றாள் புவனா. ராமாமணி அடுத்துச் சொன்னது, அவர் காதுக்கு இது போகக் கூடாது என்பது. சொன்ன பிறகுதான், அந்தப் பெண்ணின் கையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. கூசிப்போனாள்.

குழாயை மூடிவிட்டுப் புவனா கேட்டாள்:

"ஏனுங்கம்மா, இவன் உறுமவே மாட்டானுங்களா?"

"மாட்டானுங்க அம்மணி" என்றாள் ராமாமணி. பயத்துக்கு நடுவிலும் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "சின்னதுல உறுமுவான். நாங்கதான் பழக்கி நிறுத்திப்போட்டோம்."

புவனா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

5

பழக்கிய கதை இது.

ஐந்து வருடத்துக்கு முன் நித்யஸ்ரீயைப் பெண் பார்க்க வந்தார்கள். இங்கே வருகிற உறவினருக்கு ஒரம்பரை என்று பெயர். ஒரம்பரை வந்தால் வீடு வேறு வீடாகிவிடும். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை கிருபாசங்கரின் சித்தப்பா குஷியான ஆள். மைனரைப் பார்த்ததும் குனிந்து முன்னங்காலைப் பிடித்து, ஷேக் ஹேண்ட் குடு என்றார். மைனர் உறுமினான். பெரிதாக ஒன்றுமில்லை, தொண்டைக்குள் ஒரு சத்தம். சித்தப்பா காலை விட்டுவிட்டார். மைனரும் நிறுத்திவிட்டான். இரண்டு பேருக்கும் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

திருமூர்த்திக்கு முடியவில்லை. வந்தவர்கள் முன்னால் வீட்டு நாய் உறுமியது. அவர்கள் போனதும் முதுகில் இரண்டு வைத்தார். அதன் பிறகு எப்போது உறுமினாலும் இரண்டு. எலும்போடு இருக்கும்போது, துண்டை இழுக்கும்போது, காலைத் தொடும்போது. கோபத்தில் அடித்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைக்குப் பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடாதே என்று சொல்லிக்கொடுப்பது போலத்தான் செய்தார். ராமாமணியும் கூட நின்றாள். அவளும் ஓரிரு முறை அடித்திருக்கிறாள். (முதல் பிரதியில் இதை மறைத்தேன். அவள்மேல் உங்களுக்குப் பரிவு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறைத்தால் வருகிற பரிவு எனக்கு வேண்டாம்.)

ஒரு மாதத்தில் மைனர் வாயை மூடிக்கொண்டான். நல்ல நாய், வாயே திறக்காது என்று ஒரம்பரைகள் புகழ்ந்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று அவனுக்குத் தனியாக ஒரு லட்டு கிடைத்தது.

புவனா இதையெல்லாம் கைக்குட்டையைக் காயத்தில் அழுத்திக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எங்கூட்டுல பழைய தறிங்கம்மா. ஓடிட்டிருக்கயில ஊடை நூல் அறுந்துச்சுன்னா தறி தானா நின்னுரும். அதுக்குன்னு ஒரு கம்பி இருக்குது. எங்கப்பனுக்குத் தறி நின்னு நின்னு போறது எரிச்சலா இருக்கும். ஒருக்கா அந்தக் கம்பியக் கழட்டிப்போட்டாரு. அப்பறம் தறி நிக்கவே இல்ல. ராவெல்லாம் ஓடுச்சு. காலைல பாத்தா துணி பூரா ஓட்டை."

ராமாமணி குனிந்து கார் அடியில் பார்த்தாள்.

"நீங்களும் அந்தக் கம்பியத்தான் கழட்டிப்போட்டீங்க. இவனுக்குப் புடிக்காதது புடிக்காமத்தான் இருக்குது. சொல்றத மட்டுந்தான் நிறுத்தியிருக்கான். முந்தி உறுமிட்டுக் கடிச்சிருப்பான். இப்ப நேரா கடி. உங்கூட்டுக்கு வார புள்ளைக்கு எத்தன மாசம்னீங்க?"

6

(வாசகர் ஒருவர் இங்கே கையை உயர்த்துவது தெரிகிறது. வாயை அடக்கிய நாய், குரலை உயர்த்தாத புருஷன், வீட்டுக்குள் ஒரு பெண். எனக்கும் தெரிகிறது. அதை விரித்து இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். ராமாமணியிடம் வாசித்துக் காட்டினால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். 'நானென்ன நாயுங்களா' என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். இந்தக் கதையில் நாய் நாய்தான்.)

7

குழந்தை வரப் பத்து நாள் இருந்தது. பத்து நாளில் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் செய்கிற வேலை என்று புவனா சொல்லிவிட்டாள். ஆனாலும் வந்தாள். ஏன் வந்தாள் என்று ராமாமணிக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்கும் முழுதாகத் தெரியாது. அடுத்த கடி ஒரு பத்து மாதக் குழந்தையின் முகத்தில் விழலாம் என்று தெரிந்த பிறகு ஸ்கூட்டரைக் கிளப்புவது சுலபமில்லை என்று மட்டும் ஊகிக்கிறேன். அவளால் எப்போதும் கிளம்பிவிட முடியும் என்று மேலே எழுதியதில் கொஞ்சம் தவறிவிட்டேன்.

திருமூர்த்தி ஃபவுண்டரிக்குப் போன பிறகு பதினோரு மணிக்கு வருவாள். முதல் நாள் மைனரைத் தொடவே இல்லை. அவன் பக்கத்தில், அவனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் தோளில் புறங்கையை வைத்தாள். மெல்ல முழங்கால் வரைக்கும் இறக்கினாள். மைனர் முகத்தைத் திருப்பினான். அந்தக் கணமே கையை எடுத்துவிட்டாள். மறுபடியும் தோள். மறுபடியும் இறக்கம். மூக்கை நக்கினான். கையை எடுத்துவிட்டாள்.

"இப்ப வெக்கப்படறானுங்களா?" என்று கேட்டாள்.

ராமாமணிக்கு முகம் சுருங்கியது. ஏழு வருடம் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்த நாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் நின்று அவள் அதைத் தப்பாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூன்றாம் நாளிலிருந்து புவனா அவளையே செய்ய வைத்தாள். எப்போது கையை எடுக்க வேண்டும் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காது லேசாகப் பின்னால் போவது, கண் ஓரத்தில் வெள்ளை தெரிவது, மூச்சு ஒரு நொடி நிற்பது, எல்லாம் ராமாமணிக்கு முன்பே தெரிந்தவைதான். அவற்றுக்குப் பதில் சொல்லலாம் என்பதுதான் புதிது.

நகத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. ஒரு பலகையில் சொரசொரப்பான எமரித் தாளை ஒட்டிவைத்து, அதைப் பிறாண்டினால் தேங்காய்ப் பத்தை என்று பழக்கினார்கள். மைனர் அரை நாளில் கற்றுக்கொண்டான். தேங்காய்க்காக அவன் எதையும் கற்றுக்கொள்வான். எமரித் தாளை ராமாமணி ஃபவுண்டரியிலிருந்தே கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று திருமூர்த்தி கேட்டார். தோசைக்கல் தேய்க்க என்றாள். அவர் கெட்டித் தாளாகப் பார்த்து அரை டஜன் கொண்டுவந்து கொடுத்தார். நகங்கள் மழுங்கின. உள்பக்கமாக வளைந்திருந்த கட்டைவிரல் நகம் மட்டும் பலகைக்கு எட்டவில்லை. அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். அது அப்படியே நின்றது.

எட்டாம் நாள். ராமாமணியின் கை முழங்காலைத் தாண்டிப் பாதத்துக்கு மேல் வந்தது. மைனர் முகத்தைத் திருப்பினான். புவனா, இன்னும் ஒரே ஒரு நொடி வைத்திருங்கள் என்று ஜாடை காட்டினாள். ராமாமணி வைத்திருந்தாள்.

மைனரின் தொண்டைக்குள் ஏதோ புரண்டது. தூரத்தில் ஒரு லாரி கிளம்புகிற மாதிரி. ராமாமணி கையை எடுத்தாள். மைனர் உடனே கூனிக் குறுகித் தலையைத் தாழ்த்திக்கொண்டான். முதுகில் விழப்போவதற்காகக் காத்திருந்தான்.

எதுவும் விழவில்லை. ஒரு தேங்காய்ப் பத்தை விழுந்தது.

ராமாமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

8

அவள் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைக்கு ஆபத்தில்லாமல் இருக்க வேண்டுமென்றால் மைனர் உறும வேண்டும். இந்த வீட்டில் இருக்க வேண்டுமென்றால் மைனர் உறுமக் கூடாது. உறுமுவது நல்லதுதான் என்று கணவரிடம் விளக்க வேண்டுமென்றால், உறுமாததால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். புவனாவின் கையைக் காட்ட வேண்டும். கடித்த நாய் என்று தெரிந்தால் அடுத்த நிமிடம் ஆறுச்சாமிக்கு போன் போகும். மைனருக்காக அவள் சொல்லக்கூடிய ஒரே நியாயம், அவனைத் தோட்டத்துக்கு அனுப்பப் போதுமான குற்றச்சாட்டாகவும் இருந்தது.

சொல்லாமலே விட்டாள். எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு நாளும் சாப்பாடு பரிமாறும்போது சொல்ல வாயெடுத்தாள். ஒருநாள் பாதி சொன்னாள்: "ஏனுங்க, இந்த மைனரு"

(அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்க மாட்டேன். 'மைனருக்கென்ன' என்றார் அவர். 'ரசம் ஊத்தட்டுங்களா' என்றாள்.)

9

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. கிருபாசங்கர் பெட்டிகளை இறக்கினான். நித்யஸ்ரீ அண்ணி என்று கட்டிக்கொண்டாள். திருமூர்த்தி தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். இது ஃபேன், இது காலண்டர் என்று காட்டினார். அவர் முகம் இவ்வளவு திறந்து ராமாமணி பார்த்ததில்லை.

மைனரைப் பின்கட்டில் விடுவதுதான் அவள் திட்டம். நித்யஸ்ரீ விடவில்லை. அவன் ஒண்ணும் பண்ண மாட்டான் அண்ணி, எனக்குத் தெரியாதா என்றாள். ஹாலில் பாயில் படுக்கவைத்து, கழுத்துப்பட்டையில் ஒரு விரலை மாட்டிக்கொண்டு ராமாமணி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காபி ஆறியது. அவள் எழவில்லை.

திருமூர்த்தி குழந்தையைத் தரையில் விட்டார். மேக்னா சுற்றிப் பார்த்தது. ஹாலில் பொம்மை இருந்தது, டீப்பாய் இருந்தது, தகப்பனின் செருப்பு இருந்தது. அது மைனரின் காலைத் தேர்ந்தெடுத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாசங்கர் போனை எடுத்து வீடியோ பிடித்தான். ராமாமணி மட்டும் மைனரின் காதைப் பார்த்தாள். பின்னால் போனது. முகம் திரும்பியது. "பாருங்க, வெக்கப்படறான்" என்றாள் நித்யஸ்ரீ. குழந்தையின் விரல்கள் பாதத்தின்மேல் விழுந்து மூடிக்கொண்டன.

மைனர் உறுமினான்.

ஐந்து வருடம் அந்த ஹாலில் கேட்காத சத்தம். ஃபேன் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது. ராமாமணியின் கை அதற்குள் குழந்தையை அள்ளியிருந்தது. மைனர் அசையவில்லை. பல் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பாதத்தை மெல்ல வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டான்.

கிருபாசங்கர் போனை இறக்கினான். திருமூர்த்தி எழுந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. முதலில் மாப்பிள்ளையைப் பார்த்து, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். பிறகு மைனரை நோக்கி நடந்தார். மைனர் முதுகைக் கொடுத்துக் குறுகினான்.

10

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் சாயங்காலமே ஆறுச்சாமியின் ஜீப் வருகிறது. அது எனக்குச் சரளமாக வந்தது. இருட்டாக எழுதுவது எனக்குச் சிரமமில்லை, அதனாலேயே அதை நம்பவில்லை.

இரண்டாவதில் திருமூர்த்தி மனம் மாறுகிறார், மைனரின் தலைமேல் குழந்தையின் கை, எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிறார்கள். டீத்தூள் விளம்பரம் போலிருந்தது. லியோவிடம் காட்டினேன். டீத்தூள் பெயரைக் கேட்டான்.

இரண்டிலும் ராமாமணி ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகுதான் கவனித்தேன். இரண்டிலும் அவர் முடிவெடுக்கிறார், அவள் குழந்தையோடு நிற்கிறாள். கதை அவளுடையது என்று மூன்றாம் பகுதிக்கு முன்பே அறிவித்த ஆள் நான். மறுபடி உட்கார்ந்தேன்.

11

ராமாமணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவருக்கும் நாய்க்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க. நாந்தான் உறுமப் பழக்கினேன்."

திருமூர்த்திக்குக் காதில் விழுந்தது, அர்த்தமாகவில்லை.

"பத்து நாளா பழக்கினனுங்க. நகம் வெட்ட வந்த புள்ள கையக் கடிச்சுப்போட்டான். நாலு ஊசி போடோணும் அந்தப் புள்ளைக்கு. கடிக்கறதுக்கு முந்தி ஒரு சத்தம் போடல. ஏன் போடல? நாம அடிச்சு நிறுத்துனமுங்க, நீங்களும் நானும். இன்னிக்குச் சத்தம் போட்டான். போட்டதுனால புள்ளயத் தூக்கினேன். போடாம இருந்திருந்தா"

அவள் நிறுத்திவிட்டாள். நித்யஸ்ரீ குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கிருபாசங்கர் சோபா ஓரத்தில் உட்கார்ந்தான்.

இதுவரை என்னால் எழுத முடிகிறது. அடுத்து திருமூர்த்தி பேச வேண்டும். எத்தனையோ வாக்கியங்களை அவர் வாயில் வைத்துப் பார்த்தேன். கோபமாக ஒன்று, தணிவாக ஒன்று, 'சரி, மொதல்ல சாப்புடலாம்' என்று ஒன்று. எதையும் அவர் சொல்ல மறுக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. வந்தவர்கள் முன்னால் வீடு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்த ஆள். தங்கையும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் கையால் சொல்லிக்கொடுத்த மரியாதை ஒரு பெண்ணின் கையைக் கிழித்தது என்று மனைவி சொல்லிவிட்டாள். கடித்த நாய் காலடியில் கிடக்கிறது. ஒரு வாரம் அந்தக் குழந்தை இந்த வீட்டில்தான் தவழப்போகிறது. ஆறுச்சாமியின் எண் சட்டைப்பையில் இருக்கும் போனில் இருக்கிறது. இதில் எதுவும் பொய்யில்லை, அதனால்தான் எனக்கு வாக்கியம் வரவில்லை.

எனவே அவர் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். கேலி செய்யவில்லை. உங்கள் வீட்டு ஹால், உங்கள் ஒரம்பரை, உங்கள் நாய். ராமாமணி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மேக்னா அவள் இடுப்பிலிருந்து கீழே இறங்கத் திமிறிக்கொண்டிருக்கிறது. ராமாமணியின் கை தளர்கிறது.